ஓல்ட்மன்ஸ் லீவில் போனார்

"ஒரு மனுஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, தீவுக்குக் காத்து வாங்கப் போயிட்டாராம்."

பிஸ்கட் ஆலையின் உணவுக்கூடத்தில் அன்று பணியாளர் மேலாளர் ஓல்ட்மன்ஸ்தான் எல்லார் வாயிலும் விழுந்து அரைபட்டார்.

நடந்தது இதுதான். அடுப்புப் பிரிவு ஹின்ரிக், சரக்கு வாங்க வந்தவர்கள் முன்னால் முதலாளியைக் 'கழுதை' என்று சொல்லிவிட்டார். "இன்னிக்கே அவன் சீட்டைக் கிழி" என்று முதலாளி குதித்தார். ஓல்ட்மன்ஸ் மறுபேச்சில்லாமல் கிழித்தார். சாயங்காலமே இரண்டு வார லீவில் கிளம்பியும் விட்டார்.

ஹின்ரிக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. இனிமேல் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

ஊழியர் மன்றத்தின் புதுத் தலைவி டோர்தே, பொட்டலம் கட்டும் பிரிவுக்காரி. போன மாதம்தான் மன்றப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். ஆத்திரத்தோடு பயிற்சியாளர் உல்ரிக்கெவுக்குப் போன் போட்டாள்.

"ஆளைத் தூக்கறதுக்கு முன்னாடி உங்க மேலாளர் மன்றத்துகிட்ட கேட்டாரா?"

"ஒரு வார்த்தை கேக்கலைங்க."

"அப்ப சட்டப்படி அது செல்லாது. வகுப்புல சொன்னேனே."

"இதோ, இப்பவே முதலாளிகிட்ட போறேன்."

"போகாதீங்க. இப்ப சொன்னா, உங்ககிட்ட முறையாக் கேட்டுட்டு மறுபடி தூக்கிடுவாங்க. சம்பவம் நடந்த நாள்லேர்ந்து ரெண்டே வாரந்தான் அதுக்குச் சட்டத்துல கெடு. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

டோர்தே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஹின்ரிக்கின் மனைவி கடைத்தெருவில் மடக்கி, "உங்க மன்றம் எதுக்குத்தான் இருக்கு?" என்று கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

லீவு முடிந்து ஓல்ட்மன்ஸ் மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து வந்து சேர்ந்தார். டோர்தே நேராக முதலாளி அறைக்குப் போனாள். ஓல்ட்மன்ஸும் அங்கேதான் இருந்தார்.

"எங்களைக் கேக்காம ஹின்ரிக்கைத் தூக்கினது செல்லாது. மறுபடி தூக்கலாம்னா ரெண்டு வாரக் கெடுவும் முடிஞ்சுடுச்சு. அவர் கோர்ட்டுக்குப் போனா நின்ன இடத்துல ஜெயிப்பார்."

முதலாளி ஓல்ட்மன்ஸ் பக்கம் திரும்பினார். "இது உமக்குத் தெரியாதா?"

"கவனிக்காம விட்டுட்டேன் சார்."

"நேத்து வந்த பொண்ணுக்குத் தெரியுது, உமக்குத் தெரியலை. இந்த வருஷப் போனஸை மறந்துடும்."

ஓல்ட்மன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். டோர்தேவுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் ஹின்ரிக் பழைய இடத்தில் நின்று வேலை பார்த்தார். டோர்தே உல்ரிக்கெவுக்குப் போன் செய்தாள்.

"உங்க புண்ணியத்துல ஜெயிச்சுட்டோம். அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. பேரு மேலாளராம். அடிப்படைகூடத் தெரியாத மக்கு."

"யாருங்க அவர்?"

"ஓல்ட்மன்ஸ்னு ஒருத்தர்."



"நெட்டையா இருப்பாரா? கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பாரா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியுமா?"

"முன்னாடி எங்க பயிற்சி மையத்துலதான் இருந்தார். அந்த ரெண்டு வாரக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தாங்க."