பெடலில் கால் வைக்காதீங்க

"சார், கொஞ்சம் இறங்கிடுங்களேன்," என்றார் மெக்கானிக், மூன்றாவது முறையாக.

"இறங்கி ஏற நேரமாயிடுங்க. அஞ்சு மணிக்குப் பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிப்பா. நீங்க வேலையைப் பாருங்க."

ஓட்டுநர் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் வண்டிக்காரர். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கேயே குந்தினார். பிரேக் குழாயைப் பிரிக்காமலே, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, தேய்ந்த டிஸ்க்கை உருவினார். இந்த நேரம் பார்த்து பிரேக்கை அழுத்தினால் காலிப்பரின் பிஸ்டன் பிதுங்கி ஆயில் கொட்டிவிடும். அப்புறம் இன்றைக்கு வண்டி நகராது.

"பெடல்ல கால் வைக்காதீங்க சார்."

"வைக்கலைங்க."

"மறந்தும் வச்சிடாதீங்க."

"அந்தக் கவலையே வேணாம்."

திடீரென்று வண்டி குலுங்கியது. மெக்கானிக் துள்ளி எழுந்தார். "சார், கால்!"

"தும்மினேங்க."

இரண்டு பக்கமும் புது டிஸ்க் ஏறி, சக்கரங்களை முடுக்கிய பிறகுதான் மெக்கானிக்குக்கு மூச்சே வந்தது. எழுந்து கதவோரம் வந்தார்.

"இப்ப பெடலை நல்லா நாலு மிதி மிதிங்க."

வண்டிக்காரர் கட்டியிருந்த கையை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த நெம்புகோலைத் தள்ளினார். பெடல் தானாக இறங்கி ஏறியது. அவருடைய பேண்ட்டின் இரண்டு காலும் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

"சொல்லியிருக்கலாமே சார்," என்றார் மெக்கானிக். " நான் பாட்டுக்குக் கால் காலுன்னு..."

"நீங்க காலுக்குக் காவல் இருந்தீங்க. பழக்கத்துல கை இங்க போயிடக் கூடாதேன்னு நான் கட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."