வீதியின் அகலம்

"இடது பக்கம் திருப்பு" என்றார் மேலாளர்.

ஓட்டுநர் பொன்னுரங்கம் பிரேக்கில் காலை வைத்தார்.

"சார், நாலு வழிச் சாலை நேராப் போகுதுங்க. இது உங்க வீட்டு வீதிங்களே."

"எனக்குத் தெரியாதாக்கும்? திருப்புப்பா."

ஜீப் திரும்பியது. பின்னால் வந்த கார்களும் வரிசையாகத் திரும்பின. பெரிய மனிதர்களின் ஊர்வலத்தில் இது ஒரு வசதி. முன்னால் போகிறவனுக்கு வழி தெரியும் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

வந்திருந்தவர்கள் விமானத்துக்கு இறக்கை செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள். தொழிற்சாலைக்கு இடம் தேடுகிறார்கள். பக்கத்து மாநிலமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எப்படியாவது அவர்களை இங்கே இழுத்துப்போடுவது மாவட்டத் தொழில் மைய மேலாளரான அவருடைய பொறுப்பு.

காலையில் பந்தலில் இழுத்துப் பார்த்தார்கள். ஃப்ளெக்ஸில் மந்திரியின் தலை பெரிது. விமானம் சிறிது. அது மந்திரியின் காதோரம் கொசுவைப் போலப் பறந்துகொண்டிருந்தது.

நாலாவது காரில் மேலாளரின் மகள் இருந்தாள்.

அந்தக் கம்பெனியின் எஞ்சினியர். இறக்கை ஏற்றிய நீள லாரி எந்தச் சாலையில் போகும், எந்த முக்கில் மாட்டிக்கொள்ளும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

அறிக்கை கொடுக்கும்வரை வீட்டுக்குப் போகமாட்டேன், வீட்டாருடன் தனியாகப் பேசமாட்டேன் என்று கம்பெனி கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

நேர்மையாக இருக்கச் சொல்லி வளர்த்தவர் அவர்தான். அதுதான் எரிச்சல்.

வந்ததிலிருந்து அவர் அவளை மேடம் என்கிறார். அவள் அவரை சார் என்கிறாள்.

அவருக்காவது மேடம் கிடைத்தாள். வீட்டில் இருப்பவளுக்கு அதுவும் இல்லை. மகளைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. இன்று சாயங்காலம் அவளுக்குத் திரும்பிப்போக விமானம்.

அதனால்தான் இடது பக்கம்.

காலையிலேயே மனைவிக்குப் போனில் சொல்லியிருந்தார். "வாசல்ல நில்லு. கார் மெதுவாப் போகும். பாத்துக்க. கையைக் கிய்யை ஆட்டிறாத."

அவள் நின்றாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

குழாயில் தண்ணீர் வரவில்லை.

விட்டுக்கொண்டேயிருந்தாள்.

கார்கள் ஊர்ந்தன.

எல்லாவற்றையும் யோசித்தவர் வெயிலை யோசிக்கவில்லை. கார்க் கண்ணாடிகளில் வானமும் கரண்டுக் கம்பியும்தான் தெரிந்தன. அவள் குனிந்து குனிந்து தேடினாள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் காரையும் பார்த்துச் சிரித்தாள்.

நாலாவது கார் அவளைத் தாண்டியது.

நின்றது.

மகள் இறங்கினாள். தலையில் ஹெல்மெட். கையில் டேப்.

பின்னாலேயே கம்பெனியின் குழுத் தலைவர் இறங்கினார். நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரர். மாற்றுப்பாதை, அகலத்தை அளக்கவேண்டும் என்று மகள் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத் தாசில்தார் ஓடிவந்தார். அவரை முந்திக்கொண்டு ஆர்.ஐ. ஓடிவந்தார். அவள் இருவரையும் தாண்டி அந்த வீட்டு வாசலுக்கு நடந்தாள்.

"இந்த முனையக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களாம்மா?"

குழாய் கீழே விழுந்தது.

"புடிச்சுக்கறனுங்க மேடம்."

மகள் முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்துபோய் எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டாள்.

டேப் நடுங்கியது. காற்றே இல்லை. எந்த முனையிலிருந்து வருகிற நடுக்கம் என்று தெரியவில்லை.

அளவை அவள் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? இந்த வீதியில் குப்பை லாரியே திரும்பாது.

அதைக் காட்டத்தான் இவ்வளவு பெரிய ஊர்வலத்தை மேலாளர் கூட்டிவந்திருக்கிறார். கம்பெனி வந்துவிட்டால் மகளும் ஊரோடு வந்துவிடுவாள் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லித் தேற்றிவந்த ஆசாமி. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கலெக்டர். அவர் எடுக்கவில்லை.

"விட்டுருங்கம்மா" என்றாள் மகள்.

விட்டால் போதும். டேப் தானாகச் சுருண்டுகொள்ளும்.

அம்மா விடவில்லை.

டேப் சுருளச் சுருள, அதன் முனையோடு அவளும் வந்தாள். வீதிக்குக் குறுக்கே, செருப்பில்லாமல், ஓர் அடி, இன்னோர் அடி.

இந்த வீதியை அகலப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு அவர் எத்தனையோ மனு எழுதியிருக்கிறார். நல்லவேளை, ஒருத்தரும் படிக்கவில்லை.

குழுத் தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

மேலாளர் சட்டென்று அவருக்குக் குறுக்கே போய் நின்றார். வீதிமுனை ட்ரான்ஸ்ஃபார்மரை நோக்கிக் கையை நீட்டினார். காலையில் பந்தலில் முழங்கிய அதே பேச்சை, அதே குரலில் ஆரம்பித்தார். தடையில்லா மின்சாரம். திறன்மிக்க இளைஞர்கள். விண்ணைத் தொடத் துடிக்கும் மாவட்டம்.

'குடும்பம்போல் வரவேற்கும் மக்கள்' என்ற இடத்தில் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

செருமிக்கொண்டு மறுபடியும் மின்சாரத்திலிருந்து தொடங்கினார்.

முதுகுக்குப் பின்னால் டேப் சுருளும் சத்தம் நின்றது.

அவர் திரும்பவில்லை.

பேச்சு தீர்ந்துபோயிற்று.

குழுத் தலைவர் இன்னும் ட்ரான்ஸ்ஃபார்மரையே பார்த்துக்கொண்டிருந்தார்.