குடல் கண்ணாடி மாதிரி ஆகணும்

பெண்டாட்டி தன்னைக் கொல்லப் போகிறாள் என்பது உக்கிரபாண்டிக்கு மத்தியானமே உறுதியாகிவிட்டது.

காலையில்தான் ஆவுடைத்தாய் பேச்சை ஆரம்பித்தாள். "முந்தாநாள் கம்மங்களி சாப்பிட்டதுலருந்து வயிறு மந்தமா இருக்குன்னீகள்ல? மதுரை டாக்டர்ட்ட போன்ல கேட்டேன். குழாய் விட்டுக் குடலப் பாக்கணுமாம். அதுக்கு முன்ன மருந்து குடிச்சுக் குடலு கண்ணாடி மாதிரி ஆகணுமாம்."

கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்குத் தலைவலித் தைலம்கூட எடுத்துத் தராத மகராசி! பரளச்சி நிலத்தைச் சோலார் கம்பெனிக்காரன் கேட்டு வந்த பிறகு இத்தனை அக்கறை. உக்கிரபாண்டி போய்விட்டால் நிலம் யாருக்கு?

மருந்துக்கடை சதீஸ்குமார் பைக்கில் வந்து நின்றான். வாசலில் நடந்த பேச்சு உள்ளே கட்டில்வரை கேட்டது.

"அத்த, மாமாவுக்குக் கிட்னி பழுதுல்ல? இந்தப் பேதி மருந்து அவுகளுக்கு ஆகாது. தண்ணி, உப்பு எல்லாம் வடிஞ்சு ஆளே சாஞ்சிருவாக. டாக்டர் சீட்டு எங்க?"

"சீட்டு பின்னால வருது. நீ குடுத்துட்டுக் கெளம்புப்பா. எம் புருஷன நான் பாத்துக்கிடுதேன்."

எச்சரித்தாகிவிட்டதே, அதற்குமேல் என்ன? காசை வாங்கிக்கொண்டு சதீஸ்குமார் போய்விட்டான்.

"எனக்கு வேணாம்" என்றார் உக்கிரபாண்டி.

"கேன்சரா இருந்தா? குடிங்க. சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

கேன்சர் என்ற சொல் கையை டம்ளருக்கு இழுத்தது. குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. அடிப்பாவி, இப்பவே தாலியறுக்க ஒத்திகை பார்க்கிறாளா!

"கக்கூஸுக்குப் போகாதீக. வாளியிலதான். டாக்டர் பாக்கணுமாம்."

அவர் குளிக்க ஒரு குடத்துக்கு மேல் தராதவள், லாரித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, ஒவ்வொரு வாளியையும் கொல்லைப்புறத்தில் அலசினாள். தடயத்தை அழிக்கிறாள்!

சாயங்காலம் கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. கண் இருட்டியது.

விழித்தபோது டவுன் ஆஸ்பத்திரி. கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"கிட்னி கெட்ட ஆளுக்கு இந்த மருந்தா? இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும். எந்த டாக்டர் எழுதிக் குடுத்தது?"

ஆவுடைத்தாய் தரையைப் பார்த்தாள்.

அப்படியானால் மதுரை டாக்டரே கிடையாது! உக்கிரபாண்டி எழுந்திரிக்கப் பார்த்தார். "போலீஸக் கூப்பிடுங்க! நிலத்துக்காக என்னக் கொல்லப் பாத்தா!"

"ஆமா, பெரிய நிலம்! கருவேல முள்ளு மொளைக்கிற நிலம்" என்றாள் ஆவுடைத்தாய். "களிய உருட்டி உருட்டி அப்படியே முழுங்குனீகளே, ஒரு வாயாவது கடிச்சிருந்தா இம்புட்டுத் தொல்ல உண்டா? விஷயத்தச் சொல்லியிருந்தா, வெளிய வந்ததும் நீங்களே கொண்டுபோயி அடகு வச்சிருப்பீக!"

வேப்பங்குச்சி இருந்த இடத்தில், அவளுடைய அம்மா வீட்டு வைர மூக்குத்தி, நன்றாகக் கழுவித் துடைக்கப்பட்டு, பளிச்சென்று மின்னியது.