மாப்பிள்ளைக்குக் கொடுத்த இன்ஜின்

“பாதி விலைக்கு நானூறு குதிரைத்திறன். ஏண்ணே வேண்டாங்குறீங்க?” என்று கேட்டார் படகுக்காரர்.

“இது காருக்குச் செஞ்ச இன்ஜின், தம்பி. கார் இறக்கத்துல கொஞ்சம் மூச்சு விட்டுக்கும். படகுக்கு ஏது இறக்கம்? நடுக்கடல்ல கையை விரிச்சிடும்” என்றார் கடைக்காரர்.

படகுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போன வாரம் உங்க மாப்பிள்ளை படகுல இதையேதானே மாட்டுனீங்க? அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

கடைக்காரருடைய மகள் உள்ளறையிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய ஒரு கண் கறுத்து, திறக்க முடியாமல் வீங்கியிருந்தது.

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து கடைக்காரர் சொன்னார்:

“நீங்க பொண்டாட்டி பிள்ளைங்களை ஏத்திட்டுப் போவீங்க, தம்பி. அவன் தனியாத்தான் போவான்.”