தைத்துப் பழகிய கை

“அவளே தைக்கட்டும், விடு. கையில தொழில் பழகத்தானே ஜெர்மனியிலேர்ந்து வந்திருக்கா” என்று அறைக்குள்ளிருந்தே கத்தினார் டாக்டர் புகழேந்தி.

நர்ஸான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவ மாணவி ஹன்னா பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து, பட்டாசுக் கம்பெனி ஆட்களின் உடம்புதான் அவளுக்குப் பாடப்புத்தகம்.

தாயில்பட்டியில் வெடி விபத்து. கம்பெனி வேன் ஒருவனை மயக்கத்தோடு இறக்கிவிட்டு, அடுத்த ஆளை ஏற்றிவர ஓடியிருந்தது. முகமெல்லாம் அலுமினியப் பவுடர். வலது உள்ளங்கை கிழிந்து தொங்கியது.

“சார், காயம் ஆழமா இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க.”

“பட்டாசுக்கு மருந்து அடைக்கிற கைதானே மாரிசெல்வி? ஆபரேஷன் பண்ணப்போற கையா என்ன?”

மூன்று முறை கூப்பிட்டேன். அவர் செல்போனை விட்டு எழுந்திருக்கவில்லை. ஹன்னா ஒவ்வொரு குத்துக்கும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். தையல் கோணிக்கொண்டு போனது.

முடித்ததும் பயிற்சி நோட்டை நீட்டி, “இவர் பெயர்?” என்றாள். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. ஈரப் பஞ்சால் அவன் முகத்தைத் துடைத்தேன். என் கை அப்படியே நின்றது.

நோட்டோடு டாக்டரின் அறைக்குப் போனேன்.

“பேரு எழுதலையா? ஏதாவதொரு முனியராஜ்னு போட்டுக்கோ. கையெழுத்துப் போடுறேன்.”

“பேரு எழில், சார். மதுரையில டாக்டருக்குப் படிக்காக. லீவுல மாமா கம்பெனியப் பாக்கப் போயிருக்காக. தகப்பன் பேருக்கு உங்க பேரைப் போட்டுரவா?”