401 நெடுஞ்சாலையில் சனி வக்கிரம்

சனி வருடத்தில் நாலரை மாதம் ஏன் பின்னால் நடக்கிறது என்று புனிதவதிக்கு விளங்கவில்லை. அந்த வக்கிரம் முடியும்வரை மகள் தேனுகாவின் ஓகஸ்ட் கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறாள். கார் ஓட்டும் தேனுகா ஒரு லொறியை முந்துகிறாள். “அம்மா, லொறியைப் பாருங்கோ.” மாலை வெயில் பட்ட தூரத்து மாடிக் கட்டடங்களுக்கு முன்னே லொறி மெல்லப் பின்னால் நகர்கிறது, அதன் சக்கரங்களோ முன்னோக்கியே உருள்கின்றன. “உவனென்ன, ரிவேர்ஸிலயோ போறான்?” என்கிறாள் புனிதவதி. “இல்லையம்மா, நாங்கள் வேகமாப் போறம். ஐந்நூறு வருசத்துக்கு முதல் கொப்பர்நிக்கஸ், பூமியும் சனியும் சூரியனைச் சுற்றி ஓடுது எண்டு கணக்குப் போட்டுத்தான் வக்கிரத்துக்குக் காரணம் சொன்னவர்.” புனிதவதி கழுத்தைத் திருப்பி, லொறி மறையும்வரை பார்க்கிறாள். “அப்ப கலியாண ஹோலைக் கான்சல் பண்ணாதை. சனீஸ்வரன் பின்னால போகேல்லை. பூமிதான் அவரை முந்துது.”