ஊறப் போட்ட கோட்டு

வேன் வரும் நேரம். கொடியில் கோட்டு இல்லை.

ராத்திரி அவளே துவைத்து உலர்த்தியது. ஷூ கம்பெனிக் கோட்டு. அது இல்லாமல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கொல்லைக்கு ஓடினாள்.

பக்கெட்டில் கிடந்தது, சோப்பு நுரைக்குள்.

பக்கத்தில் நின்று அவன் நிதானமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"அழுக்கா கீதேன்னு ஊறப் போட்டேன். ஒரு நாள் போவலன்னா குடியா முழுகிடும்?"

கல்யாணமானதிலிருந்து ஒரு கைக்குட்டையை நனைத்ததில்லை. இன்றைக்குப் பார்த்து அய்யாவுக்குத் துவைக்கத் தோன்றியிருக்கிறது.

போன வாரம் அடையாள அட்டை. அது தானாக நடந்து போய் அரிசி டப்பாவுக்குள் படுத்துக்கொண்டதாம். அன்றைக்கு கேட்டில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். இன்னொரு தடவை இப்படி வந்து நின்றால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார்.

அதை வீட்டுக்கு வந்து இவனிடம் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

சர்க்கரை ஆலையை மூடியதிலிருந்து அவன் வீட்டில்தான் இருக்கிறான். அதற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீக்கடையில் எவனோ, "சம்சாரம் வேலைக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டான். கேட்டவனிடம் வாயைத் திறக்கவில்லை. வீரமெல்லாம் கோட்டிடம்தான்.

தெருமுனையில் ஹாரன்.

கோட்டை எடுத்துப் பிழிந்தாள். அவன் கழுத்து என்று நினைத்தே பிழிந்தாள்.

ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"சீட்டெல்லாம் நனையுதும்மா, பின்னாடி போ" என்று டிரைவர் கத்தினார்.

எப்போதும் முன்சீட்டில் உட்காருகிறவள். இன்றைக்குத்தான் பின்னால் போகிறாள். ஷூ தைக்கிற தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை விழும், ஈரக் கோட்டோடு மெஷினில் உட்கார விடமாட்டார்கள். அது இப்போதுதான் உறைத்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது.

பின்சீட்டில் இருந்த தவமணி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊறப் போட்டுட்டானா?"

அவள் திகைத்துப்போய்த் தலையாட்டினாள்.

அக்கா சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப்பையை இழுத்தாள். உள்ளே மடித்த கோட்டுகள். கயிறு சுற்றிய அடையாள அட்டைகள். பை கை மாறிப் போனது. ஒவ்வொருத்தியும் தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பாதிப் பேர் கோட்டு போடாமல் வேனில் ஏறுவதைப் பார்த்திருக்கிறாள். புழுக்கத்துக்கு என்று நினைத்திருந்தாள்.

கடைசியில் ஒரு கோட்டு மிஞ்சியது.

"வேதவல்லியுது. அவளை நிறுத்திட்டாங்க, அவ வூட்டுல. நீ போட்டுக்கோ."

சாயங்காலம் தெருமுனையில் வேன் நின்றது. பகலில் காய்ந்துவிட்ட தன் கோட்டை மடித்தாள். அட்டையைக் கழற்றிக் கயிற்றைச் சுற்றினாள். இரண்டையும் சாக்குப்பைக்குள் வைத்துவிட்டு இறங்கினாள்.

வாசலில் அவன் நின்றிருந்தான். கோட்டு இல்லை, கழுத்தில் அட்டை இல்லை, கை வெறுங்கை. எல்லாவற்றையும் பார்த்தான்.

சிரித்தான்.

அவளும் சிரித்தாள்.